புளியங்கிளைக்கு அடியில் ஒரு புள்ளி

அடியே, இன்று மதியம் என் வகுப்புக்குள் கரும்பு வாடை புகுந்துவிட்டது. கல்லூரி வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பழுதாகி வெயிலில் நின்றிருந்தது. வெட்டிக் காய்கிற கரும்புக்கு லேசாகப் புளித்த ஓர் இனிப்பு வாடை உண்டே, அதேதான். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மாணவி திரையில் தன் ரிக்ரெஷன் கோட்டைக் காட்டி, "மேடம், இந்த ஒரு புள்ளி மட்டும் ஒத்து வரல. எடுத்துடட்டுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீ இருந்திருந்தால் அவளை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

அப்போது நமக்கு எம்.எஸ்ஸி. புள்ளியியல் கடைசிப் பருவம். நீ கல்வராயன் மலையில் சாமை விதைக்கிற வீட்டுப் பெண். நான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். வெட்டிய கரும்பு எத்தனை மணி நேரம் காத்திருந்தால் எவ்வளவு எடை குறையும் என்பதுதான் நாம் இருவரும் சேர்ந்து எடுத்த ஆய்வு. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்னக் கட்டுக்குச் சிவப்புத் துணி சுற்றி, வெட்டியதும் ஒரு எடை, ஆலை வாசலில் மறு எடை. கைடு நம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லா வண்டியும் அன்னைக்கே ஆலைக்குப் போயிடுது. காத்திருந்த நேரம் எல்லாத்துக்கும் ஒண்ணா இருந்தா கோடு எந்தப் பக்கம்மா போகும்?" புள்ளிகள் எல்லாம் கொட்டிய சோறு போல ஒரே இடத்தில் கிடந்தன. ஆய்வை முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. "இந்த வருஷம் வுட்டா எங்க வூட்ல மறுபடி அனுப்ப மாட்டாங்கடி" என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. அதற்கு முன் நீ அழுது நான் பார்த்ததில்லை.

கடைசி முயற்சியாக மறுபடி வயல் வயலாகத் துணி கட்ட எங்கள் வீட்டுக்கு வந்தோம். அப்போதுதான் இட ஒதுக்கீட்டு மறியல் சூடு பிடித்தது. சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். மலைக்குப் பேருந்து இல்லை, நீ எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டாய். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தவர்கள், மறியல்காரர்கள் எப்படியும் வழி விடுவார்கள் என்று நம்பி வெட்டி ஏற்றிக்கொண்டு வர, முந்தாநாள் வெட்டியது, நேற்று வெட்டியது, காலையில் வெட்டியது எல்லாம் நாம் வயலில் எடை எடுத்துக் கட்டிய சிவப்புத் துணியோடு ஒரே வரிசையில் நின்றன. நான் தலையில் கை வைத்தேன். நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "லூசு, பாருடி! காத்திருந்த நேரம் இப்ப ஒண்ணொண்ணும் வேற வேறடி!"

டீக்கடை உத்தரத்தில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டோம். வண்டிக்காரர்கள் சிவப்புத் துணிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ கூவக் கூவ நான் கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். அம்மாடி! புள்ளிகள் வரிசை கட்டி மேலே ஏறின. நேரம் ஏற ஏறக் குறைகிற எடையும் ஏறியது. நீ கை தட்டிக் குதித்தாய். அந்த வரிசையில் நின்ற என் அப்பா கேட்டார், "எங்க கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது. உங்களுக்கு இன்னாம்மா அவ்ளோ குஷி?" உன் கை அப்படியே நின்றது. எனக்கும் முகம் சுருங்கிப்போனது.

அப்போதுதான் அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்தோம். முந்தாநாள் வெட்டிய கரும்பு, ஆனால் எடை குறையவே இல்லை என்று சொல்லலாம். கோட்டுக்கு வெகு கீழே தனியாகக் கிடந்தது. எடையைத் தப்பாகப் படித்திருப்போம் என்று ரப்பரை எடுத்தேன். நீ பிடுங்கிக்கொண்டாய்.

"அழிக்கறதுக்கு முன்னாடி போய்ப் பாக்கலாம் வாடி."

அந்த வண்டி வரிசையின் முனையில், மறியலுக்கு நடுவில் இருந்தது. போகக் கூடாது என்று ஒருவர் தடுத்தார். நீ இடுப்பில் கை வைத்துக் கேட்டாயே, "காலேஜு சீட்டு கேட்டுதான மறியல் பண்றீங்க? நான் அந்த சீட்டுல உக்காந்து பாஸாவணும். கொஞ்சம் வழி வுடுங்கண்ணா!" அவர் சிரித்துவிட்டார். வழியும் விட்டார்.

முனையில் ஒரு வண்டிக்காரர் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். "வேற எடமே கெடைக்கலியா? என் வண்டி மேலயே மரத்தத் தள்ளிட்டானுங்க!" சாய்ந்த புளியமரத்தின் கிளை மொத்தமும் அவர் கரும்பைப் பச்சையாக மூடியிருந்தது. நீ கிளைக்கு அடியில் கையை விட்டாய். "ஐயோ, ஜில்லுன்னு இருக்குதுடி!" அடுத்த நொடி நீ அங்கே இல்லை. "வெய்யில் படாம மூடுங்க! கெளையோ கரும்புச் சோகையோ, எது கெடைச்சாலும் போட்டு மூடுங்க!" என்று கத்திக்கொண்டே வரிசை நெடுக ஓடினாய். முதலில் மூடியவர் என் அப்பா. தடுத்த அந்த அண்ணனே கிளை ஒடித்துக் கொடுத்தார்.

மறுநாள் நம் தாளில் இரண்டு கோடுகள். மூடாத வண்டிகளுக்கு ஒன்று சரசரவென மேலே ஏறி, மூடியவற்றுக்கு ஒன்று படுத்தவாக்கில். "இன்னும் ஜாஸ்தி காயாம பொழைச்சிதும்மா" என்று அப்பா உன்னிடம் வந்து சொன்னார். கைடு வரைபடத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அந்த ஒரு புள்ளியை ஏன் அழிக்கல?" என்று மட்டும் கேட்டார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். இருவரும் பாஸானோம்.

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. நான் இன்னும் மலை ஏறவில்லை. நீ இல்லாத வாசலைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். உன் மகன் கொடுத்தனுப்பிய அந்தத் தராசு மட்டும் என் மேசையில் இருக்கிறது.

"எடுக்காதே" என்றேன் அந்த மாணவியிடம். மழைக்கும் சாமை விளைச்சலுக்கும் தொடர்பு பார்க்கிறாள். எங்கும் மழை குறைவு, விளைச்சலும் குறைவு. அந்த ஒரு சாமைக் கொல்லையில் மட்டும் நல்ல விளைச்சல்.

"அது எந்த ஊரு?"

அவள் சொன்னது உன் ஊர்.

நாளைக் காலை முதல் பேருந்துக்கு அவளைக் கள்ளக்குறிச்சியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கொல்லைக்கு உன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தராசைக் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். அங்கே எடை போட ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வெறுங்கையோடு உன் வாசலில் வந்து நிற்க முடியாதுடி.