பல்பைக் கழற்றினால் போதுமா

மார்ச் 4, செவ்வாய்

வண்டி மறுபடியும் நின்றது. மேம்பாலத்து ஏற்றத்தில், பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே கையை வைத்திருக்க, பின் சீட்டில் தையல்காரர் உட்கார்ந்திருக்க. அவருக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி காலையில் மூன்று வருடமாக என் வாடகைக் காரில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். இன்ஜின் ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. கால் மணி நேரம் தாமதம், நர்ஸிடம் திட்டு.

இறங்கும்போது அவர் சொன்னார்: "பாதி வழியில மக்கர் பண்றதுக்கு என் கிட்னி போதும்மா. உன் வண்டியும் சேர்ந்துக்க வேணாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் முழுக்க டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அண்ணன் பட்டறையில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சரியாகிவிட்டது, எடுத்துப் போ என்றான். விளக்கு எரியவில்லை, உண்மைதான். பிறகு ஏன் நிற்கிறது?

மார்ச் 5, புதன்

கோபம் ஆறவில்லை. எழுதினால் அடங்குமோ என்னவோ.

சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்து அணைய வேண்டும். இன்ஜின் விளக்கு மட்டும் அந்த ஒரு நொடிகூட எரியவில்லை. தெருமுனையில் வண்டி வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். டேஷ்போர்டைப் பிரித்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பல்பைக் கழட்டியிருக்காங்கக்கா."

கூடப் பிறந்தவன். நோயாளியை ஏற்றிப் போகிற வண்டியில்!

புது பல்பு போடச் சொல்லிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். அவன் மறுக்கக்கூட இல்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான், "அந்த லைட்டைப் பாத்துப் பாத்து நீதான் பயந்து சாகற. வண்டிக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் நிக்குது? ஸ்கேனர் போட்டுப் பாத்தியா?"

"முப்பது வருஷமா என் காதுதான் ஸ்கேனர். நீ வண்டி ஓட்டற வேலைய மட்டும் பாரு."

அப்படியா. சரி. பார்க்கிறேன்.

வீட்டில் கணவர், அண்ணனைப் பகைத்துக்கொள்ளாதே என்கிறார். பகைத்துக்கொண்டது நானா?

மார்ச் 6, வியாழன்

தையல்காரரை வேறொரு டிரைவரோடு அனுப்பினேன். வண்டி சரியாகும் வரை இப்படித்தான்.

மார்ச் 7, வெள்ளி

உதிரிபாகக் கடை. வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "சார் யாரும் வரலையா?" வண்டி ஓட்டுவது நான், சாருக்கு கியர் மாற்றவே தெரியாது என்றேன். அதன் பிறகுதான் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

முதலில் தீப்பெட்டி அளவு ஒன்று. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் போனில் தெரியுமாம். எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அடுத்தது பலகை மாதிரிப் பெரிய திரை, பெரிய பட்டறைகளுக்கானது. சாவியைப் புதிதாகப் பதிவு செய்யலாம், ஏர்பேக்கைச் சோதிக்கலாம். எனக்கு எதற்கு? கல்யாண மண்டபம் பிடித்து இரண்டு பேர் சாப்பிட்ட கதையாகிவிடும். மூன்றாவது கையடக்கம், சின்னத் திரை, நாலு பொத்தான்.

நான் கேட்டது இரண்டே கேள்வி. இன்ஜின் ஓடும்போதே எண்கள் மாறுவதைக் காட்டுமா? என் பதினெட்டு வயது வண்டியோடு பேசுமா? எல்லா வண்டிக்கும் சேரும் என்று அட்டையில் போட்டிருக்கிறதாம். அட்டை என் வண்டியை எங்கே பார்த்தது? வாசலில்தான் நிற்கிறது, மாட்டிக் காட்டுங்கள் என்றேன். பிரித்தால் விற்க முடியாது என்று முறைத்தார். மாட்டாமல் எனக்கும் விற்க முடியாது என்றேன். பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். அதில்தான் கடைக்காரர் இறங்கி வந்தார்.

எல்லாரும் வாங்குகிற தீப்பெட்டிக்கு என் வண்டி பதிலே சொல்லவில்லை. கையடக்கம் அரை நிமிடத்தில் ஒரு எரர் கோடு காட்டியது, அதாவது கோளாறு எதில் என்று சொல்லும் குறியீடு: கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்ன உறுப்பு. அது வாயை மூடினால் இன்ஜின் நின்றுவிடுமாம்.

வாங்கிவிட்டேன். சென்சாரையும்.

மார்ச் 8, சனி

எலக்ட்ரீஷியன் சென்சாரை மாற்றினார். ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்தேன். விளக்கு அணைந்தது. ஊரையே இரண்டு சுற்று சுற்றினேன். ராணி மாதிரி இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நின்றுவிட்டது. அதே எரர் கோடு.

மார்ச் 10, திங்கள்

அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. போன் செய்து சிரிக்கிறான். "பொட்டிய நம்பினா இப்படித்தான். வித்துத் தொலை, அந்த வண்டியையும் சேர்த்து." போனை வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ? சரியோ இல்லையோ, பல்பைக் கழற்றுவதைவிட இது மேல். எனக்குத் தெரியாததை மறைக்காமல் தேடிக்கொண்டாவது இருக்கிறேனே.

மார்ச் 11, செவ்வாய்

அகப்பட்டது!

வீட்டு வாசலில் வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்துகொண்டேன், ஸ்கேனர் மடியில். இன்ஜின் வேகம் எண்ணூறு, எண்ணூற்றுப் பத்து, எண்ணூறு. பக்கத்து வீட்டம்மா இரண்டு தரம் வந்து, உள்ளே வந்து உட்காரேன் என்றார். முக்கால் மணி நேரம். சூடு ஏறியதும் எண் ஒரு தடவை சுழியத்தைத் தொட்டு மீண்டது. இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. சென்சார் புதுசு. அப்படியானால் அதிலிருந்து வரும் வயர்?

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஒரு மரக்குச்சியால் வயரை அங்கங்கே மெல்ல அசைக்க, நான் எண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை — சுழியம்! இன்ஜின் செத்தது. இரும்புத் தகட்டில் உரசி உரசி வயரின் தோல் உரிந்திருந்தது, நகக்கண் அளவு. எரர் கோடு பொய் சொல்லவில்லை. எந்த இடம் என்பதைத்தான் எங்களைத் தேடவைத்தது.

காயம் பட்ட துண்டை வெட்டிப் புது வயர் சேர்த்து, தகட்டில் படாமல் கட்டிவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

தையல்காரரை நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். மேம்பாலத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பார் போல. ஏற்றம் தாண்டியதும் என் சீட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

மார்ச் 22, சனி

மத்தியானம் அண்ணன் போன். பத்து நாளுக்கு மேல் பேச்சே இல்லை. பட்டறையில் ஒரு பள்ளி வேன் வந்து நான்கு நாளாகிறதாம், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்பை மாற்றியும் இழுக்கவில்லையாம். எதையெதையோ சுற்றி வளைத்தான்.

"எனக்குத் தெரியல" என்றான்.

இந்த வார்த்தையை அவன் அப்பாவிடமும் சொன்னதில்லை, எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. இதை என்னிடம் மூன்று வாரம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. விழுங்க மனம் வரவில்லை, கேட்டே விட்டேன். "ஆமா" என்றான். அவ்வளவுதான்.

ஸ்கேனரைக் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அதை வெச்சு நான் என்ன பண்றது? நீயும் வா."

நாளைக்கே வரச் சொன்னான். ஞாயிறு எனக்கு ஓய்வு நாள், திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.