வேல்ஸில் நனைந்த காலுறைகள்

ஹீட்டர் மேல் காயப்போட்ட கம்பளிக் காலுறைகளிலிருந்து ஆவி கிளம்புகிறது. ஈரக் கம்பளிக்கென்று ஒரு வாடை உண்டே, அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. இங்கே மான்ட்ரியல் பக்கம் லொங்குய்ய் மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து பனிச்சேற்றில் நடந்து வந்ததன் கைங்கரியம். இந்த வாடை வந்தால் போதும், வேல்ஸின் அந்த மலைக் கிராமமும் நீயும் நினைவுக்கு வந்துவிடுகிறீர்கள்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தெட்டில் நாம் இருவரும் மான்ட்ரியலில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் குடியேறினோம். நீ மருத்துவமனையில் டாக்டர், நான் பல்கலைக்கழக ஆய்வகத்தில். காலையில் காபி போடும்போது நீ பாடுவாய். யாரும் வந்து புகார் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "மெதுவாடி. கீழ இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?" சண்டைக்கு வருவாய் என்று பார்த்தேன். வரவில்லை. மறுநாள் முதல் பாட்டையே நிறுத்திவிட்டாய். கேட்டால், "டயர்டா இருக்குடி" என்பாய். அப்படியே நாலு வருஷம் போயிற்று.

எழுபத்திரண்டில் உன்னை ஒரு மாதப் பயிற்சிக்கு வேல்ஸுக்கு அனுப்பினார்கள். கடைசி வாரம் ஊர் சுற்ற நானும் வந்து சேர்ந்தேன். அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மழையும் நிலக்கரியும்தான். பார்த்ததோ, சாந்தே இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிய வேலிகளும், மலை முழுக்க ஆடுகளும். எந்த ஆடு யாருடையது என்று தெரிய முதுகில் நீல மை. "பாரு, ஆட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சு அனுப்பியிருக்காங்க," என்றாய். கடைக்குள் நாம் நுழைந்தால் ஆங்கிலம். வெளியே வந்ததும் அவர்கள் பாஷை மறுபடி தொடங்கும். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் முணுமுணுத்தேன். "பேசட்டுமே. நாம மட்டும் அவங்களப் பத்தித் தமிழ்ல பேசலையா?" என்று என்னை அடக்கினாய்.

ஞாயிறு மாலை, நீ தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் தங்கள் தேவாலயத்துக்கு வரச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். கொட்டுகிற மழையில் ஓடினோம். வாசலில், பழக்க தோஷம், இருவரும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நனைந்த காலுறையோடு உள்ளே போனோம். பலகைத் தரையில் வரிசையாக நம் ஈரத் தடம். சபை மொத்தமும் நம் காலைப் பார்த்தது. கழற்றியவர்கள் நாம் இருவர் மட்டும்தான்! எனக்கு மானம் போயிற்று. நீயோ சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாய்.

பிறகு பாட்டு. சிலை இல்லை, விளக்கு வரிசை இல்லை, வெறும் வெள்ளைச் சுவர். ஊர்த் தபால்காரர் கீழ்க் குரலில், கடைக்கார அம்மாள் மேல் குரலில், ஆளுக்கொரு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர்கூடக் குரலைக் குறைக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது. திரும்பினால் உன் கண்ணில் நீர்.

வெளியே வந்தால் ஷூவைக் காணோம். வீட்டுக்கார அம்மாள் அவற்றைப் பக்கத்து அறையில் அடுப்பருகே காயவைத்திருந்தார். "எங்கள் கோயிலுக்கு இவ்வளவு மரியாதை யாரும் செய்ததில்லை," என்றவர், ஆளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, "உங்கள் கோயிலில் எப்படிப் பாடுவீர்கள்?" என்று உன்னிடம் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அனுமதி கேட்கிற பார்வை. வெட்கமாக இருந்தது எனக்கு.

"பாடுடி. சத்தமா," என்றேன்.

உன் அம்மா சொல்லிக்கொடுத்த முருகன் பாட்டு. நாலு வருஷம் சும்மா கிடந்த தொண்டை இரண்டு இடத்தில் பிசிறியது. நீ நிறுத்தவில்லை.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "உன் பயம் உன்னோட. இனிமே என் வாயை மூட வராத, அவ்வளவுதான்," என்றாய். மான்ட்ரியலில் காலைப் பாட்டு மறுபடி தொடங்கியது. ஒரு வாரத்தில் கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மாள் நம்மைப் படியில் நிறுத்தி, இத்தனை வருஷம் ஏன் பாடவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் பயந்ததெல்லாம் இவருக்குத்தான்.

போன மாதம் உன்னைக் கடைசியாக வழியனுப்பிய சடங்குக் கூடத்தில் எல்லாரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, உன் பக்கத்தில் வந்து நின்று அந்த முருகன் பாட்டைப் பாடினேன். எனக்குச் சுருதி சேராது, உனக்கே தெரியும். ஆனாலும் குரலைக் குறைக்கவில்லை.

இன்று காலையும் காபி போடும்போது பாடினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் நிறுத்தவில்லை.