வெட்டிய ஓரம்

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

சட்டம் போட நீ கொடுத்திருந்த இலைப் படத்தை நேற்று விற்றுவிட்டேன். பல் டாக்டர் ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் அதன் முன்னாலேயே நின்றுவிட்டார். "ஓரத்துல என்னங்க கறை? பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று பேரத்தை ஆரம்பித்தார். நானா விடுவேன்? கறை இருந்த ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, முழு விலைக்கே தள்ளிவிட்டேன். மாப்பிள்ளை போன பிறகு நீ மை உருளையைத் தொடவே இல்லை. கையில் காசு வந்தால் தெம்பு வரும். அதே கண்ணாடியில் மை தடவி இன்னொன்று அச்செடுத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லையா?

அண்ணன்

மார்ச் 7

அண்ணா,

இன்னொன்று வராது. கண்ணாடியில் மை தடவி, இலை பரப்பி, தாளை அழுத்தி எடுத்தால் தீர்ந்தது. துடைத்துவிட்டுத்தான் அடுத்த நிறம். அப்படி ஆறு நிறம், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே தாளில். இலைகளும் கூழாகிவிட்டன. இதை உங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "சரிம்மா, சரிம்மா" என்று கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அது கறை இல்லை. கடைசி நிறத்துக்குத் தாள் நகராமல் அவர்தான் மூலையைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் பதிந்துவிட்டது. நான் கத்தினேன். "விடு, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். பாதிப் படம் என்னோடது" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவரே இல்லை.

படமும் வேண்டும், அந்தத் துண்டும் வேண்டும். அண்ணியிடம் கொடுத்தனுப்புங்கள். நானாகக் கூப்பிடும்வரை நீங்கள் வரவேண்டாம்.

தங்கை

மார்ச் 12

அன்புள்ள தங்கச்சி,

குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை. பிறகுதான் உறைத்தது: கண்ணாடி ஆடாமலிருக்க, வெட்டிய தாளை மடித்துச் சட்டத்துக்குள்ளேயே செருகிவிடுவது என் பழக்கம். டாக்டரிடம் ஓடினேன். "இதைப் பார்த்துட்டே எல்லாரும் பயமில்லாம வாயைத் திறக்கறாங்க, தரமுடியாது" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சொன்னதும் விலையை ஏற்றினார். நானாயிருந்தாலும் ஏற்றியிருப்பேன்.

அவர் மேஜையிலேயே ஆணிகளைப் பிடுங்கினேன். துண்டு இருந்தது. ஆனால் நான் மடித்த மடிப்பு விரல் ரேகைக்கு நடுவில் விழுந்திருக்கிறது. ஒட்டிக் கொடுக்கலாம் என்று பசையை எடுத்தேன், வைத்துவிட்டேன். என் கை பட்டவரை போதும். அண்ணி நாளை கொண்டுவருவாள்.

டாக்டருக்குக் கொடுத்தது, விற்றதைப் போல இரண்டு மடங்கு, பேரம் பேசவில்லை. உனக்கு ஒப்புக்கொண்டது, நீ கேட்டபடியே: கூப்பிடும்வரை உன் வாசல் ஏறமாட்டேன்.

அண்ணன்