காற்று நின்ற பிறகு விழுந்த மரம்

என்னைத் திட்டுவதற்கென்றே பிறந்த என் அக்காவுக்கு,

கெமாஸில் இப்போது நல்ல வெயில். உன் கித்தா காட்டில் விழுந்த ரப்பர் மரங்களை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். உன்மேல் விழுந்ததை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே அறுத்தேன்.

புயலெல்லாம் இந்தியாவில்தான் வரும் என்று மலேசியாவில் நாமெல்லாம் எத்தனை தைரியமாக இருந்தோம்! பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் காற்று சுழலாது என்று பள்ளியில் படித்தவன் நான். இது மலாக்கா நீரிணையிலேயே பிறந்து வந்தது.

செய்தி வந்த அன்று நீ போன் செய்தாய். தெமியாங்கில் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பெரிய மேதாவிபோல் விளக்கினேன். கடல் சூடாகி ஆவி மேலே ஏறும், சுற்றியுள்ள காற்று அங்கே ஓடிவந்து சுழலும், அந்தச் சூடுதான் அதற்குத் தீனி, கரை ஏறினால் தீனியில்லாமல் செத்துவிடும் என்றேன். அப்படியென்றால் நம்மிடம் பட்டினியாகத்தான் வரும் என்று சிரித்தாய்.

மூன்று நாள் விடாத மழை. தாழ்வான வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். அந்தக் குடும்பங்கள் பள்ளி மண்டபத்திலிருந்து நேற்றுத்தான் திரும்பின.

மழை விட்டதும் ரப்பர் பால் வடியும் மங்குகளைப் பார்க்க ஓடுவது அப்பா காலத்துப் பழக்கம். நான்காம் நாள் காலை மழை விட்டது. ஓர் இலைகூட அசையவில்லை, காட்டுக்குப் போகலாமா என்று மறுபடி போன் செய்து என்னைக் கேட்டாய். புயல் வலுவிழந்தது என்று என் போனில் போட்டிருந்தது.

"அது செத்துப்போச்சுக்கா. பயப்படாம போ லா" என்றேன்.

காற்றுதான் புயல் என்று நினைத்துவிட்டேன். காற்று ஓய்ந்த பிறகும், அது கொட்டிய தண்ணீர் அந்தச் சரிவில் மண்ணை இளக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றே இல்லாமல் மரம் வேரோடு சாய்ந்தது. உனக்குச் சத்தமாவது கேட்டதா அக்கா?

சொன்னால் கேட்கமாட்டாள், பால்மேல் அத்தனை ஆசை என்று உன்னைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். உன் மகள் கவிதாவும் நம்பிவிட்டாள்.

"அம்மாவுக்கு எங்கள விட அந்தப் பால்தான் பெருசா மாமா?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

நாளை உன் கருமாதி. பந்தி போடுவதற்கு முன், கவிதாவை எதிரில் உட்காரவைத்து எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன். அம்மா பயந்தாள், என்னைக் கேட்டாள், நான்தான் போ என்றேன் என்று. அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போனாலும் சரி, சொல்லாமல் உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன்.

உன்னைப் போகச் சொன்ன
உன் தம்பி