தானே வணக்கம் சொன்ன மூடி

மார்ச் 4

சாமான்களின் எமனே, என் அக்கா பெற்றெடுத்த அதிசயமே, மருமகளே!

இங்கு நானும் உன் அத்தையும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் கையில் அகப்பட்ட சாமான்கள்தான் நலமில்லை என்று கேள்வி.

உன் அம்மா வந்திருந்தாள். "அவ ஆபீசுக்குப் போய் சாமானை உடைக்கிறா. அதுக்குச் சம்பளமும் தர்றாங்க" என்றாள். கேட்டதிலிருந்து நான் சாப்பிடவே இல்லை, சாப்பாட்டு வேளைகள் தவிர. ஐந்து வயதில் நீ என் ரேடியோவைக் குடல் குடலாக உருவிப் போட்டபோது வீட்டைச் சுற்றி உன்னைத் துரத்தினேனே, அது உன் பயிற்சிக் காலம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? டிவியையும் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

எனக்குத் தலை வெடிக்கிற அளவு சந்தேகங்கள். எதால் உடைப்பாய், சுத்தியலாலா? சாமான் யார் தருகிறார்கள், கம்பெனிக்காரர்களா? அவர்களே தந்து, அவர்களே சம்பளமும் தந்தால், நீ எப்படி மூஞ்சிக்கு நேராக "மட்டம்" என்று சொல்வாய்?

நானும் உன் தொழிலில்தான் இருக்கிறேன், தெரியுமோ? இணையத்தில் பொருள் விமர்சனம் எழுதும் உலகின் முடிசூடா மன்னன் உன் மாமா. ஆறு மாதம் முன்பு வாங்கிய வெள்ளி நிறக் கெட்டிலுக்கு என்ன எழுதினேன் பார்: "இது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. இதைக் கண்டதும் தண்ணீர் தானே மரியாதையாகக் கொதிக்கிறது." எழுபது பேர் "பயனுள்ளது" என்று அழுத்தியிருக்கிறார்கள். என் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் மனசார வரவில்லை. உன் அத்தை மட்டும், "நீங்க சொல்றதுல பாதியத் தள்ளிட்டு, மீதியையும் பாதியாக்கிட்டுத்தான் நான் கேக்கறது" என்கிறாள். பொறாமை.

இதையெல்லாம் போனில் கேட்கலாம். ஆனால் போனில் நீ "ம்" என்கிறாய். "ம்" என்று ஒரு கடிதம் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
வெந்நீர்ச் சக்கரவர்த்தி,
உன் மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

சுத்தியல் இல்லை மாமா. எல்லாம் பொறுமைதான். எங்கள் சோதனைக் கூடத்தில் ஓர் இயந்திரக் கை இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து மூடும். நீங்கள் வீட்டில் செய்கிற வேலைதான், ஆனால் அது எதையும் எடுத்துத் தின்னாது. பக்கத்து மேஜையில் கரடி பொம்மையின் கண்ணில் கொக்கி மாட்டி இழுப்பார்கள். குழந்தை பிடுங்கி விழுங்கிவிடக் கூடாதே! முதல் நாள் எனக்கு அந்தக் கரடியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கம்பெனி அனுப்பும் சாமானை நாங்கள் தொடுவதே இல்லை. இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கி அனுப்பிவிடுவார்கள். நாங்களே கடைக்குப் போய், யார் என்று சொல்லாமல், எல்லோரையும் போலப் பேரம் பேசி வாங்கி வருவோம். உங்களுக்குக் கிடைக்கிற அதே சாமான்தான் எங்களுக்கும் கிடைக்க வேண்டும். முடிவுகள் எங்கள் பத்திரிகையில் வரும். அதற்குச் சந்தா கட்டும் வாசகர்கள்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள், விளம்பரம் கிடையாது.

ஒரு கண்டிப்பான விதி உண்டு. முடிவை முதலில் கம்பெனிக்கு அனுப்பி, பதில் சொல்ல ஒரு மாதம் தர வேண்டும். அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது, சொந்த பந்தத்திடம்கூட. மிக்சி விஷயத்தில் அம்மா கேட்டாள், நான் சொல்லவில்லை. இப்போதுதான் மறுபடி முகம் கொடுத்துப் பேசுகிறாள்.

உங்கள் விமர்சனம் பிரமாதம். அதை எழுதும் முன்னால் அந்தக் கெட்டிலில் ஒரு தடவையாவது தண்ணீர் கொதிக்க வைத்தீர்களா?

இன்னொன்று. அதன் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். பார்த்து எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


மார்ச் 19

குறுக்கு விசாரணை நிபுணியே,

கொதிக்க வைத்தேனா என்றா கேட்டாய்? அற்பக் கேள்வி! விமர்சனம் எழுதியபோது கெட்டில் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷன். "சார், இங்கேயே நாலு வரி நல்லதா எழுதிட்டீங்கன்னா ஒரு பீங்கான் கோப்பை ஃப்ரீ" என்றார். கல்லாவில் சாய்ந்தபடி எழுதினேன். மகா படைப்புகள் இப்படித்தான் பிறக்கும்.

எண் பார்க்கக் கெட்டிலைக் கவிழ்த்ததில் மிச்சமிருந்த வெந்நீர் என் வேட்டியில். வீரத் தழும்பு இல்லை, ஆறின தண்ணீர். எண் 3140, கைப்பிடி கறுப்பு. ஏன் கேட்கிறாய்? "சும்மா" என்று நீ எழுதிய இடத்தில் பேனா அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. துப்பறியும் மூளை எனக்கும் உண்டு.

நீ கேட்காத தகவல் ஒன்று. இந்தக் கெட்டில் வரவர மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறது. புதுசில் மூடி விறைப்பாக இருந்தது. இப்போது ஊற்றச் சாய்த்தால், மூடி தானே எழுந்து எனக்கு வணக்கம் சொல்கிறது. உன் அத்தையிடம் காட்டினேன். "அது வணக்கம் சொல்லல, ஓடிடுங்கன்னு சொல்லுது" என்கிறாள்.

இப்படிக்கு,
மூடிகளால் வணங்கப்படுபவன்,
உன் மாமா


மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

கெட்டிலை எனக்கு அனுப்பி வையுங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்துகிற அதே கெட்டில். உடனே. இனிமேல் பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள்.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் நான் சொல்ல முடியாது.

உங்கள் மருமகள்


மார்ச் 30

ஆய்வுக்கூட அரசியே,

உன் ஆணை வந்தது. என் கெட்டில் சோதனைக் கூடத்துக்குத் தேர்வாகிவிட்டது! தெருவில் யாரிடமும் சொல்லவில்லை, பதினைந்து இருபது பேர் தவிர.

பார்சல் அனுப்பிவிட்டேன். பிரித்ததும் அசந்துவிடுவாய். போட்டோ எடுக்கப் போகும்போது கிழிந்த சட்டையோடா போவோம்? உப்புப் படிந்து, மூடி தளர்ந்த கிழட்டுக் கெட்டிலை அனுப்பி நம் குடும்ப மானத்தை வாங்க உன் மாமா என்ன முட்டாளா? அதே கடைக்குப் போய், அதே 3140, புத்தம் புதுசு ஒன்று வாங்கி, துடைத்து, பட்டுத் துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன். உன் மேலதிகாரி அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

பழசை வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரின் கெட்டில் உயிரை விட்டுவிட்டதாம். "வச்சுக்கோம்மா" என்று கொடுத்துவிட்டேன். பாவம், அவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. நடை பழகுகிற குட்டிப்பயல் அவள் காலைக் கட்டிக்கொண்டேதான் அடுப்படியில் நிற்கிறான்.

இப்படிக்கு,
கெட்டில் தந்த வள்ளல்,
உன் மாமா


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மடிக்கக்கூட இல்லை, உடனே போன் செய்தேன். நீங்கள் முடி வெட்டப் போயிருந்தீர்கள். "அத்தை, டீச்சர் வீட்ல இருக்கற கெட்டிலை இப்பவே வாங்கிட்டு வாங்க" என்றேன். ஏன் என்று அத்தை கேட்கவில்லை. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். மூச்சு வாங்க வந்தார். "கொதிச்சுக்கிட்டு இருந்துதுடி. பிளக்கைப் பிடுங்கிட்டு, பயலைத் தூக்கிக்கிட்டு, ஆறுற வரைக்கும் அங்கயே நின்னு, கொட்டிட்டு எடுத்துட்டு வந்தேன்."

அதன்பின் கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன் மாமா.

இப்போது சொல்லலாம், எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். புதுசில் அந்த மூடி ஒன்றும் செய்யாது. சில மாதம் ஆவி பட்டுப் பட்டு மூடியின் கொண்டி இளகிவிடும். சாய்த்தால் மூடி திறந்து, கொதிக்கிற தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டும். எங்கள் மேஜையில் அப்படித்தான் கொட்டியது. அந்த முடிவைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுத்தான் காத்திருந்தோம். நீங்கள் புதுசை எனக்கு அனுப்பிவிட்டு, பழசைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்திருந்தீர்கள்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "மேடம், எங்க மாமாவை மட்டும் காப்பாத்தப் பார்த்தேன். கெட்டில் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு."

"விதியை மீறினது தெரியுதா?"

"தெரியுது மேடம். ஆனா ஊர்ல எல்லாருக்கும் இங்க ஒரு மருமக இல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பெனியின் பதிலை எடுத்தார். குற்றச்சாட்டே பொய் என்று எழுதி, சாட்சிக்கு ஒரு விமர்சனத்தை இணைத்திருந்தார்கள். மேடம் அதைச் சத்தமாகப் படித்தார்: "இதைக் கண்டதும் தண்ணீர் தானே மரியாதையாகக் கொதிக்கிறது." நான் குனிந்து, மேஜைக்கு அடியில் இல்லாத ஒரு திருகாணியைத் தேடினேன்.

"யாரிந்த ஆளு?" என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை.

மாதம் முடியக் காத்திருக்காமல் அன்று சாயங்காலமே எச்சரிக்கை வெளியிட்டார். மறுநாள் என்னைக் கெட்டில் மேஜையிலிருந்து பயணப் பெட்டிகளின் சக்கரத்தை உருட்டிச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார். இரண்டும் நியாயம்தான்.

புதுக் கெட்டிலைத் திருப்பி அனுப்புகிறேன். உறவுக்காரர் தரும் சாமான் எங்களுக்கு ஆகாது. அதையும் பயன்படுத்தாதீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்கள் எச்சரிக்கையைவிட உங்கள் நாலு வரியைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 14

என் கண்ணே,

உன் கடிதத்தை நானும் உன் அத்தையும் சேர்ந்து படித்தோம்.

பிறகு பழைய கெட்டிலில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, முற்றத்தில் நின்று, உன்னைப் போலவே சாய்த்து சாய்த்துப் பார்த்தேன். உன் அத்தை எண்ணினாள். பத்துக்கு ஏழு முறை மூடி திறந்தது. வேட்டி, சட்டை எல்லாம் நனைந்தது. டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு.

கோப்பையைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். "என்ன சார், விரிசலா?" என்றார். "கோப்பை நல்லாத்தான் இருக்குய்யா. நான்தான் குடிக்காமலே ருசி சொல்லிட்டேன்" என்றேன்.

பழைய விமர்சனத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன்: "ஆறு மாதம் பயன்படுத்தினேன். ஊற்றும்போது மூடி திறந்துகொள்கிறது. வெந்நீர் கொட்டும். வாங்காதீர்கள். வைத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். முன்பு நான் புகழ்ந்தது கொதிக்க வைக்காமலே எழுதியது."

சுவையே இல்லை என்கிறாயா? தெருவிலும் அதே பேச்சு. மளிகைக்காரர், "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். எழுபது பேரைக் காணோம். இதுவரை ஒரே ஒருவர்தான் "பயனுள்ளது" என்று அழுத்தியிருக்கிறார். நானே அழுத்திக்கொண்டேன் என்று சந்தேகப்படுவாய். இல்லை.

உன் அத்தை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அழுத்தினாள். "என்ன, பாதியத் தள்ளலியா?" என்று கேட்டேன்.

"இதுல தள்றதுக்கு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தில் வெந்நீர் வைக்கப் போனாள்.

உன் மாமா