காலுக்கு உடை

மார்ச் 3

எழுதத் தெரியாத நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். திருத்தக் கூடாது என்பது பேச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை முற்றி, தம்பியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இன்றோடு பதினாறு நாள். புண் ஆறிவருகிறது. ஊன்றுகோல் மட்டும் சாய்த்து வைத்தபடியே இருக்கிறது. ஆஸ்பத்திரி பைஜாமாவின் காலி கால் தொங்குகிறதாம்.

"கொடியில காயப்போட்ட மாதிரி ஆடுதுண்ணே. இதோட நடந்தா வார்டே வேடிக்கை பாக்கும்."

நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு செயற்கைக் கால் பொருந்தாது என்கிறாள் நர்ஸ். இதற்கா கவலை? ஐம்பத்திரண்டு வருஷம் தையல் கடையில் கத்தரி பிடித்த கை இது.

மார்ச் 5

இடது காலைக் குட்டையாக வைத்து ஒரு பைஜாமா தைத்ததாக நினைத்து எடுத்துப்போனேன். பிரித்தால் - இரண்டு காலும் ஒரே நீளம்! துணியை மடித்துப் போட்டு இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டுவது எங்கள் வழக்கம். கை அதன் பாட்டுக்கு வெட்டிவிட்டது. மறந்தேனா? ஒப்புக்கொள்ள மனசு வரவில்லையா?

"உன் கண்ணுக்கு நான் இன்னும் முழுசாத்தான் தெரியறனா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சே. என்ன மனுஷன்டா நான்.

மார்ச் 6

விடவில்லை. திரும்பப் போனேன்.

"பைஜாமான்னா என்ன அர்த்தம் தெரியுமாடா?"

எனக்குத் தெரியும். என் இருபதாவது வயதில், பச்சைக் குடையோடு துணி தைக்கக் கொடுக்க வந்த வாத்தியார் ஒருவர் சொன்னார்: பாரசீகச் சொல். 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. பகலில் உடுத்தியதுதான், பின்னாளில் தூங்குவதற்கு ஆனது. மருமகள் போனில் தேடி, "சரிதான் மாமா" என்றாள். சரியாக இல்லாமல் எங்கே போகும்!

"காலுக்கு உடைன்னா எனக்கெதுக்கு?" என்றான் தம்பி.

"ரெண்டு காலுன்னு அதுல எங்கடா இருக்கு? இருக்கற காலுக்கு உடை. அவ்வளவுதான்."

தம்பி போர்வையை விலக்கினான். அளவெடுத்தேன். அந்த முனையை இன்றுதான் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மார்ச் 7

மடிக்காமல் வெட்டினேன். வலது முப்பத்தொன்பது அங்குலம். இடது இருபத்தெட்டு, அடியை மூடி, தையல் உறுத்தாமல் தைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 10

சாயங்காலம் போனால் கட்டில் காலி. நர்ஸிடம் ஓடினேன். அவள் எதிர் வார்டைக் காட்டினாள்.

அங்கே புதுப் பைஜாமாவில் தம்பி ஊன்றுகோலோடு நின்று, கால் எடுத்துப் போர்வைக்குள் படுத்திருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான்:

"எங்கண்ணன் தைச்சது. சொல்லுய்யா, உனக்கு எந்தக் காலு?"