அப்பா ஊற்ற வேண்டிய பங்கு

ஆஷ்கோம்ப்,
ஜூலை, முதல் ஞாயிறு

அன்பு மகள் இமோஜனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கேலமும் குழந்தை ஃப்ரேயாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உங்கள் பக்கம் இப்போது குளிர் இறங்கியிருக்கும், காதை மூடுகிற தொப்பி போடாமல் ஃப்ரேயாவைப் பள்ளிக்கு அனுப்பாதே. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், நீயும் பொறுத்துக்கொண்டாய். வீட்டை வித்துட்டு ஹோபார்ட்டுக்கே வந்துடும்மா, பின்பக்கம் உனக்குன்னு ஒரு அறை கட்டப் போறோம், ஆகஸ்டுக்குள்ள ஒரு வார்த்தை சொன்னா போதும் என்றாய். அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போய் நிற்க எனக்கு வராது, வகுப்பிலும் நான் கணக்கின் விடையை முதலில் சொன்னதில்லை, வழியைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் விடைக்கு வருவேன்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை வழக்கம்போல நெதர்டன் ஊர்க்காரர்களோடு கிரிக்கெட் நடந்தது. தேநீர் இடைவேளைக்கு பிம்ஸ் மதுவைப் பழமும் சோடாவும் சேர்த்துக் கலந்து வைக்கும் மேசை நம் வீட்டுடையது என்பது உனக்குத் தெரியாததல்ல, நீ நடக்கப் பழகியதே அந்த மேசைக் காலைப் பிடித்துத்தான். அப்பா போன பிறகு வரும் முதல் ஆட்டம் இது. ஒரு வாரம் முன்னதாகவே அணித் தலைவன் டேரன் வீட்டுக்கு வந்தான், என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன், இப்போது தலையில் முடி இல்லை. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, மிஸ், இந்த வருஷம் நீங்க சிரமப்பட வேண்டாம், கடையில டின்ல அடைச்சே விக்கிறான், வாங்கி ஐஸ்ல போட்டுடறோம் என்றான். டின்னில் அடைத்த பிம்ஸை உன் அப்பா பூனைக்குக்கூட ஊற்ற மாட்டார். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடினவன் நீ, நான் எதையும் பாதியில விடுறவ இல்ல, போய் மட்டைக்கு எண்ணெய் போடு என்று அனுப்பி வைத்தேன். சிரித்துக்கொண்டே போனான், ஆனால் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வெள்ளரிக்காயைத் தோலோடு சன்னமாக அரிந்தேன், ஸ்ட்ராபெர்ரியைப் பாதி பாதியாக, ஆரஞ்சை வட்டமாக, புதினாவைக் கையில் ஒரு அடி அடித்துப் போட்டேன், தோட்டத்து மூலையில் அந்த நீலப் பூச்செடி இந்த வருஷம் தாராளமாகப் பூத்திருந்தது, அதிலும் ஒரு பிடி. மைதானத்தில் பெரிய கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்து ஐஸ் போட்டேன், இஞ்சி சோடாவை நிரப்பினேன், அப்பாவுக்கு லெமனேட் ஊற்றினால் பிடிக்காதே, பொன்நிறம் வரணும் என்பாரே. ஜாடிகள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. நெதர்டன்காரர்கள் பேட் செய்து முடித்ததும் எல்லோரும் மேசைக்கு வந்தார்கள், சரியாக அதே நேரத்தில் தூறலும் வந்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை, குடையை விரித்துக்கொண்டு நல்ல வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் போலவே உட்கார்ந்திருந்தார்கள். நான் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தேன். அருமை, மிஸஸ் ஃபேரோ என்றார் பாதிரியார். அமர்க்களம் மிஸ் என்றான் டேரன். டாக்டர் பிளைத் இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டார். அடுத்த வீட்டு மோரின் தன் டம்ளரில் இருந்த பழத்தைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றாள்.

ஆட்டம் முடிந்து மேசைத் துணியை மடித்தபோதுதான் கூடைக்குள் கை பட்டது. பிம்ஸ் பாட்டில் இரண்டும் மூடி திறக்கப்படாமல் அப்படியே கிடந்தன. நான் ஊருக்கெல்லாம் இஞ்சி சோடாவில் வெள்ளரிக்காய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு சொட்டு மது இல்லை.

உடனே பயந்துவிடாதே, நீ நினைக்கிற மறதி இல்லை இது. யோசித்துப் பார், இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு தடவையாவது பாட்டிலைத் திறந்திருக்கிறேனா? பழம் நறுக்குவது, ஐஸ், சோடா எல்லாம் என் வேலை. மது அவர் வேலை. மேசைக்கு முன்னால் எல்லோரும் கூடிய பிறகுதான் திறப்பார், ஊருக்கு முன்னாடி ஊத்தினாத்தான் நம்மள எவனும் கஞ்சம்னு சொல்ல மாட்டான் என்பார், ஒரு பங்கு மதுவுக்கு மூன்று பங்கு சோடா என்று அளவு சொல்லிக்கொண்டே ஒன்றுக்கு இரண்டாக ஊற்றிவிட்டு, கை வழுக்கிருச்சு கில்லியன் என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பெஞ்சை வைத்துக்கொள், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியவள் மறுமுனை எழும் என்று நினைப்பது மறதியா? என் பங்கை நான் ஒன்று விடாமல் செய்தேன், அவர் பங்கு அப்படியே நின்றது, அவ்வளவுதான்.

மோரினைப் பிடித்துக் கேட்டேன். உனக்குத் தெரியுமா என்றேன். முதல் வாயிலேயே தெரிஞ்சுது என்றாள். பின்னே ஏன்டி சொல்லல என்றேன். எப்படிச் சொல்றது, நீங்க ஜாடியைக் கையில வச்சுக்கிட்டு கார் நிக்கிற பக்கமே பார்த்துட்டு இருந்தீங்க, யாரோ வரணும்னு காத்திருக்கிற மாதிரி, அதைப் பார்த்துட்டு யாருக்கு வாய் வரும் என்றாள். அவள் மட்டுமில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. டேரன்தான் ஆள் ஆளாகப் போய்க் காதில் சொல்லியிருக்கிறான், மிஸ் எதிர்ல யாரும் மூஞ்சியச் சுளிக்காதீங்க, நெதர்டன்காரங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன் என்று. டாக்டர் பிளைத் குடையை உதறிக்கொண்டே, வருஷா வருஷம் இடைவேளைக்கு அப்புறம் நடக்கிற ஆட்டம் எனக்கு ஞாபகமே இருக்காது, இந்த வருஷம் ஒவ்வொரு பந்தும் ஞாபகம் இருக்கு, ஆனா நம்மாளுங்க ஆடின லட்சணத்துக்கு மறந்திருந்தாலே தேவல என்றார். நானும் சிரித்தேன். அழகாகச் சிரித்து, நன்றி சொல்லி, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இமோஜன், அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று முதல் எனக்கு அது செரிக்கவில்லை. அப்பா போனதிலிருந்து இந்த ஊர் என்னோடு தாழ்ந்த குரலில்தான் பேசுகிறது. டாக்டர் பிளைத்தும் நானும் எதற்குத்தான் சண்டை போடவில்லை, புதுச் சாலைக்கு, குறுக்கெழுத்துக்கு, தேவாலயத்துப் பூச்சாடிக்கு. இப்போது நான் எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்கிறார். வேண்டுமென்றே ஒரு நாள் குறுக்கெழுத்துக்குத் தப்பான விடையைச் சொன்னேன், அதற்கும் ஆமாம் என்றார். தப்பைத் திருத்தாமல் எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண் போட்டுக் கொடுக்கிற ஆசிரியரை நான் ஒருநாளும் நம்பியதில்லை, பிள்ளைக்கு இனி ஒன்றும் வராது என்று முடிவு கட்டியவர்தான் அப்படிப் போடுவார்.

அப்போது நீ வந்தாய் நினைவுக்கு. உனக்கு ஒன்பது வயதிருக்கும், அதே மேசை, அப்போதிருந்த பாதிரியாரின் மனைவி சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு கேக் செய்து கொண்டுவந்தாள், ஊரே வாயை மூடிக்கொண்டு மென்று விழுங்கிக்கொண்டிருந்தது, இரண்டாவது துண்டு கேட்டவர்களும் உண்டு. நீ ஒரு வாய் கடித்துவிட்டு அங்கேயே துப்பி, இதுல உப்பைப் போட்டுட்டீங்க ஆன்ட்டி என்றாய். அந்த அம்மாள் ஒரு வாய் தின்று பார்த்து, கடவுளே, ஏன் யாரும் சொல்லல என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள், உன் அப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஜாடி ஆடியது. அந்தச் சனிக்கிழமை நீ அங்கே இருந்திருந்தால் முதல் வாயிலேயே, அம்மா, இதுல ஒண்ணுமே இல்ல என்று சொல்லியிருப்பாய், நான் சட்டென்று திரும்பியிருப்பேன், பாட்டிலை என் கையால் திறந்திருப்பேன், இல்லை அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். எல்லோரும் அருமை என்று சொல்லிச் சொல்லி என்னை அந்த மேசைக்குப் பின்னாலேயே நிற்க வைத்துவிட்டார்கள்.

ஆகவே அறையைக் கட்டச் சொல். நான் வருகிறேன். இந்த வீட்டை விட்டு வருவது எனக்கு எளிது என்று நினைத்துவிடாதே, இன்று காலை பிரார்த்தனை முடிந்து அப்பாவின் கல்லறைக்குப் போய் வெகுநேரம் நின்றேன், சொல்ல வாய் வரவில்லை, அடுத்த ஞாயிறு சொல்வேன். அங்கே ஜூனில் குளிர், கிறிஸ்துமஸில் வெயில், எனக்கு எல்லாம் தலைகீழாக இருக்கும், பழகிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், நான் செய்வது நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கேலமிடமும் சொல்லி வை, மாமியாருக்கு மரியாதை என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பிள்ளை அவன். நானும் என் பக்கத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆனால் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, மகளே. வானொலியைப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் போய் நிற்கிறேன், உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல் வெளியிலிருந்து கேட்கும். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உனக்கும் கேலமுக்கும் என் குழந்தை ஃப்ரேயாவுக்கும் கடவுள் எல்லா நலமும் தரட்டும், மூன்று பேருக்கும் என் முத்தம். அறைக்குக் கிழக்குப் பக்கம் ஜன்னல் வைக்கச் சொல், காலை வெளிச்சம் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. ஃப்ரேயாவின் பல்லைப் பார்க்க மருத்துவரிடம் தேதி வாங்கினாயா, தள்ளிப்போடாதே.

உன்னை நினைத்தபடி,
உன் அம்மா,
கில்லியன்